புழுதியில் விழுந்த நட்சத்திரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், 1952இல் வெளிவந்த ‘ஹை நூன்’ படத்தை மடிக்கணினியில் மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார். கௌபாய் படங்களில் அவருக்கு ஆர்வம் கிடையாது. குதிரையும் துப்பாக்கியும் வந்தால் எழுந்து போய்விடுவார். அன்று ஏனோ போகவில்லை. திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்தபடி, பாதிக் கவனம் காயிலும் பாதிக் கவனம் படத்திலுமாக உட்கார்ந்திருந்தார். தேவாலயக் காட்சி வந்தது. மேயர் எழுந்து நின்று, உதவி கேட்டு வந்திருக்கும், ஊரின் காவல் அதிகாரியான மார்ஷல் வில் கேனைப் புகழத் தொடங்கினார். இந்த ஊருக்கு இவரைப்போல ஒரு மார்ஷல் வாய்த்ததே இல்லை என்ற பொருளில் அவர் பேசப் பேச, அம்மா காயிலிருந்து தலையை நிமிர்த்தினார். “பாரேன், கடைசியில இந்த ஆள் அவரை ஊரைவிட்டுப் போகச் சொல்லப்போறான்” என்றார்.

அடுத்த ஒன்றிரண்டு நிமிடங்களில் மேயர் அதைத்தான் சொன்னார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். “முப்பது வருஷம் ஆபீஸ்ல கூட்டத்துக்குப் போயிருக்கேன். ஒருத்தரைக் கைகழுவணும்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா, முதல்ல எழுந்திருக்கிற ஆள் இப்படித்தான் பாராட்டுவான்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் காயை எடுத்துக்கொண்டார்.

இந்தப் படத்துக்கு உலகறிந்த ஒரு மறைபொருள் உண்டு. ஐம்பதுகளின் ஹாலிவுட்டில் நடந்த கம்யூனிச எதிர்ப்பு வேட்டையையும், கம்யூனிஸ்ட் என்று கருதப்பட்டவர்களுக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியலையுமே கௌபாய் உடை மாட்டிச் சொன்ன கதை இது என்பார்கள். அம்மாவுக்கு அந்த வரலாற்றில் ஒரு வரிகூடத் தெரியாது. ஆனாலும் அந்த வரலாறு எந்த இடத்தில் படத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருக்கிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் அவர் தலை நிமிர்ந்தது. ஒரு படத்தின் உட்பொருள் என்று நாம் எதைச் சொல்கிறோம், அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று எந்த உரிமையில் சொல்கிறோம் என்பதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நம் கவிதை மரபில், சொல்லாததைக் குறிப்பால் உணர்த்தும் இதற்கு உள்ளுறை, இறைச்சி என்ற நல்ல சொற்கள் இருக்கின்றன. குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டில், தலைவனோடு தான் கூடியபோது அங்கே வேறு யாருமே இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கலங்கும் தலைவி, தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு ஒரு குருகு மட்டும் நின்றது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். கதைக்கு அந்தக் குருகு தேவையில்லை. அது இல்லாவிட்டாலும் நடந்தது நடந்ததுதான். ஆனால் சாட்சியாக நின்றும் தன் இரையைத் தவிர எதையும் பார்க்காத அந்தப் பறவையில்தான் அவளுடைய தனிமை முழுவதும் இருக்கிறது. உட்பொருளைத் தேடுகிறவர் கதைக்குத் தேவையில்லாமல் வந்து நிற்கும் குருகைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வகைமைப் படங்களில் இந்தத் தேடல் இன்னும் எளிது. வெஸ்டர்ன் எனப்படும் கௌபாய் படத்துக்கு என்ன தேவை என்பது எல்லோருக்கும் தெரியும்: ஒரு ஊர், ஒரு நல்லவன், ஒரு கெட்டவன், ஒரு தெரு. அதற்கு மேல் ஒரு படம் எதையாவது செலவழித்துக் காட்டினால், அந்தச் செலவு எதற்கு என்று கேட்கலாம்.

‘ஹை நூன்’ அந்தத் தேவையை மிக விரைவில் முடித்துவிடுகிறது. ஹேட்லிவில் என்ற சிற்றூரின் மார்ஷல் வில் கேன், வன்முறையை ஏற்காத குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஏமியை மணந்துகொண்டு, பதவியைத் துறந்து ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில், அவர் சிறைக்கு அனுப்பிய ஃபிராங்க் மில்லர் விடுதலையாகி நண்பகல் ரயிலில் வருகிறான் என்ற செய்தி கிடைக்கிறது. மில்லரின் கூட்டாளிகள் மூவர் ரயில் நிலையத்தில் காத்திருக்கிறார்கள். கேன் முதலில் கிளம்பிப் போகிறார், பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார். இவ்வளவும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். இறுதியில் வரும் துப்பாக்கிச் சண்டைக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். 85 நிமிடப் படத்தில் மீதி முழுவதும் ஒரு மனிதர் வீடுவீடாகப் போய் உதவி கேட்பதும், ஒவ்வொருவரும் மறுப்பதும்தான். வெஸ்டர்ன் படம் ஒன்று தன் நேரத்தின் பெரும்பகுதியை மறுப்புகளைக் கேட்பதில் செலவழிக்கிறது. குருகு இங்கேதான் நிற்கிறது.

திரைக்கதையை எழுதியவர் கார்ல் ஃபோர்மன். ஜான் கன்னிங்ஹாமின் ஒரு சிறுகதையிலிருந்து எடுத்துக்கொண்ட கருவை, ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றிய ஓர் உருவகக் கதையாகவே அவர் முதலில் நினைத்திருந்தார். தாக்க வருகிறவனுக்கு எதிராக ஊர் ஒன்றுசேருமா என்பது அப்போது அவருக்கு உலக நாடுகளைப் பற்றிய கேள்வி. எழுதிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வாழ்க்கை கதைக்குள் வந்து விழுந்தது. 1947 அக்டோபரில், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ‘அமெரிக்க விரோதச் செயல்கள்’ விசாரணைக் குழு ஹாலிவுட்டைத் தன் முன் நிறுத்தியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் பின்னர் சிறைக்குப் போனார்கள். 1951இல் விசாரணை இரண்டாம் சுற்றாகத் தொடங்கியபோது ஃபோர்மனுக்கும் அழைப்பாணை வந்தது. அவர் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து விலகியவர். குழு அவரிடம் வேண்டியது பெயர்களை: உன்னோடு கட்சியில் இருந்த மற்றவர்கள் யார்? அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே குழுவின் கையில் இருந்தன. ஒருவர் தன் வாயால் தன் நண்பர்களின் பெயரைச் சொல்வதுதான் அங்கே வேண்டப்பட்டது. படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1951 செப்டம்பரில் ஃபோர்மன் குழுவின் முன் போய் நின்றார். இப்போது தான் கட்சியில் இல்லை என்று சொன்னார். கடந்த காலத்தைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் வாய் திறக்க மறுத்தார். நிறுவனத்தில் அவருடைய கூட்டாளியாக இருந்த தயாரிப்பாளர் ஸ்டான்லி கிராமருடன் உறவு முறிந்தது. இணைத் தயாரிப்பாளர் என்ற அவருடைய பெயர் படத்திலிருந்து நீங்கியது. திரைக்கதை என்ற இடத்தில் மட்டும் நின்றது. 1952இல் அவர் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு படத்தை ஒரு பூட்டாகவும் இந்த வரலாற்றை அதன் சாவியாகவும் எடுத்துக்கொள்வது மிக எளிது. மில்லர்தான் விசாரணைக் குழு, ஹேட்லிவில்தான் ஹாலிவுட், கேன்தான் ஃபோர்மன் என்று ஒன்றுக்கொன்று கோடு போட்டு முடித்துவிடலாம். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அப்படித்தான் செய்தேன். ஒரு திரைப்படக் கழகக் கூட்டத்தில் அதை உரத்த குரலில் பேசியும் இருக்கிறேன். அந்தக் கோடுகள் பொய் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைப் போட்டு முடித்த கையோடு நான் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்பதுதான் உண்மை. அந்தத் தேவாலயக் காட்சியை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்வரை நான் முழுமையாகப் பார்த்ததே இல்லை.

இப்போது மறுபடி பார்க்கிறேன். கேன் வழிபாட்டுக்கு நடுவில் உள்ளே வருகிறார். உதவி வேண்டும் என்றதும் சிலர் உடனே எழுந்துவிடுகிறார்கள்; அந்த ஒரு கணம், ஊர் திரண்டுவிடும் என்றே நமக்குத் தோன்றும். அப்போது ஒருவர் நிறுத்துகிறார்: இது ஊரின் பிரச்சினையா, கேனுக்கும் மில்லருக்கும் இடையே உள்ள சொந்தப் பகையா? அந்தக் கேள்வி விழுந்ததும் எழுந்தவர்கள் நிற்கிறார்கள். பேசித் தீர்ப்போம் என்று மேயர் சொல்ல, குழந்தைகள் வெளியே அனுப்பப்படுகிறார்கள். மார்ஷலுக்குச் சம்பளம் கொடுக்கத்தானே வரி கட்டுகிறோம் என்கிறார் ஒருவர். மில்லரை விடுதலை செய்தது வடக்கே இருக்கும் அரசியல்வாதிகள், தவறு அவர்களுடையது என்கிறார் இன்னொருவர். ஒரு பெண் எழுந்து, பட்டப்பகலில் பெண்கள் தெருவில் நடக்க முடியாமல் இருந்த காலம் மறந்துவிட்டதா என்று கேட்கிறார். பாதிரியார், சாகச் சொல்லி யாரையும் அனுப்ப என்னால் முடியாது என்று வருத்தத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார். இவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒவ்வொருவர் சொல்வதிலும் தனித்து எடுத்தால் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அந்தச் சின்னச் சின்ன நியாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு எப்படி ஒரு சுவராகின்றன என்பதைத் துளி வெறுப்பும் இல்லாமல் காட்டுகிறது காட்சி.

கடைசியில் மேயர் ஜோனஸ் ஹென்டர்சன் பேசுகிறார். தாமஸ் மிட்செல் என்ற அற்புதமான நடிகர். கேனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று தொடங்குகிறார். கேட்பவர்களின் முகத்தில் வெட்கம் தோன்றுகிறது; கேனின் முகத்தில் முதல்முறையாக நிம்மதி. பிறகு குரல் மாறாமல் பேச்சு திரும்புகிறது. வடக்கே இருப்பவர்கள் இந்த ஊரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள், இங்கே கடைகளும் தொழிற்சாலைகளும் கட்டப் பணம் போட யோசிக்கிறார்கள், தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தது என்று செய்தித்தாளில் வந்தால் அது எல்லாம் நின்றுபோகும், ஆகவே கேன் இப்போதே ஊரைவிட்டுப் போய்விடுவதுதான் அவருக்கும் நமக்கும் நல்லது என்கிறார். வரலாறு படத்துக்குள் நுழைந்த துல்லியமான இடம் இது என்று நான் சொல்வேன். கறுப்புப் பட்டியல் அரசாங்கம் போட்ட சட்டம் இல்லை. 1947 நவம்பரில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் கூடிய ஸ்டுடியோ முதலாளிகள், சாட்சி சொல்ல மறுத்த பத்துப் பேரையும் வேலையிலிருந்து நீக்குவதாகவும், கம்யூனிஸ்ட் என்று தெரிந்தவருக்கு வேலை கொடுப்பதில்லை என்றும் தாங்களே அறிக்கை விட்டார்கள். தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், பார்வையாளரும் பணம் போடுகிறவரும் விலகிவிடுவார்கள் என்பதே அவர்களுடைய பயம். மில்லர் இன்னும் ரயிலில் வந்துகொண்டிருக்கிறான்; அதற்குள் ஊர் தன் வேலையைத் தானே முடித்துவிடுகிறது.

அம்மா அறிந்த அலுவலகக் கூட்டமும் வால்டார்ஃப் அஸ்டோரியாவின் அறையும் ஹேட்லிவில்லின் தேவாலயமும் ஒரே பேச்சை அறிந்திருக்கின்றன. படம் காட்டுவது அந்தப் பேச்சின் வடிவத்தை. அதனால்தான் சாவி இல்லாத அம்மாவாலும் உள்ளே போக முடிந்தது.

இயக்குநர் ஃபிரெட் ஜின்னமான் இந்த அரசியல் விளக்கத்தை விரும்பவில்லை. மனசாட்சியின்படி முடிவெடுக்க வேண்டிய ஒரு மனிதனின் கதை என்றே சொல்லிவந்தார். இயக்குநர் மறுத்துவிட்டார், ஆகவே விளக்கம் தவறு என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கையில்லை. அவர் சொன்னதைவிட அவர் எடுத்ததைப் பார்ப்போம். ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பியும் அவரும் அழகான மேகங்களை ஒதுக்கிவிட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து மேத்யூ பிரேடியின் புகைப்படங்களைப்போல வெளுத்த, வறண்ட வானத்தை எடுத்தார்கள். அசையாமல் கிடக்கும் தண்டவாளம், கறுப்பு உடையில் ஓயாமல் நடக்கும் ஒரு மனிதர், பெரிதாகிக்கொண்டே வரும் கடிகாரம் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நீதிபதி மெட்ரிக் ஊரைவிட்டு ஓடுவதற்கு முன் சுவரிலிருந்த அமெரிக்கக் கொடியை மடித்து எடுத்துக்கொள்கிறார், தராசையும் எடுத்து வைத்துக்கொள்கிறார். அந்த அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது. தண்டனை பெற்ற நாளில் மில்லர் அதில் உட்கார்ந்துதான் திரும்பி வந்து உன்னைக் கொல்வேன் என்று கத்தினான் என்று நீதிபதி நினைவூட்டுகிறார். மணி பன்னிரண்டை நெருங்கும்போது, டிமிட்ரி டியோம்கினின் இசையின் தட்டுக்கு ஏற்ப, பெண்டுலம், வெறும் தெரு, தேவாலயத்தில் குனிந்த தலைகள், மதுக்கடையில் அசையாத முகங்கள், மரண சாசனம் எழுதும் கேனின் கை என்று காட்சிகள் வெட்டி வெட்டி வருகின்றன. நடுவில் அந்தக் காலி நாற்காலியை நோக்கி கேமரா மெல்ல நகர்கிறது. பிறகு ரயிலின் ஊதல். அது வெறும் நாற்காலி. விசாரணை அறையில் சாட்சி உட்காரும் நாற்காலியை நினைத்துத்தான் அதை வைத்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் பயம் என்பது வருகிறவனிடம் இல்லை, அவன் உட்கார்ந்திருந்த இடத்தை நாம் பார்த்துக்கொண்டே இருப்பதில் இருக்கிறது என்பதை அந்தக் காட்சி சொல்கிறது. மேயரின் பேச்சைச் சாத்தியமாக்கியது அந்தப் பயம்தான்.

கோடு போட்டு முடித்துவிடும் விளக்கங்களுக்கு இந்தப் படம் பல இடங்களில் அடங்காது. கேனாக நடித்த கேரி கூப்பர் பழமைவாதி. 1947இல் அதே குழுவின் முன் அதற்கு இணக்கமான சாட்சியாகப் போனவர், யார் பெயரையும் சொல்லாமல் வந்தவர். அவரே பின்னர் ஃபோர்மனுக்கு ஆதரவாக நின்றார், ஃபோர்மன் தொடங்க இருந்த புதிய நிறுவனத்தில் சேரவும் ஒப்புக்கொண்டார், நெருக்கடி முற்றியபோது பின்வாங்கினார். ஃபோர்மன் அதற்காக அவர்மேல் குறை சொன்னதில்லை. ஏமி இன்னொரு சிக்கல். தந்தையையும் சகோதரனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்து, எந்தக் கொலையும் பாவம் என்று குவேக்கர் ஆனவள், இறுதியில் ஜன்னல் வழியாக ஒருவனை முதுகில் சுடுகிறாள். விசாரணைக் குழுவின் கதையில் இதற்கு என்ன இடம்? எனக்குத் தெரிந்து எந்த அரசியல் விளக்கமும் அந்த முதுகைப் பற்றி நேராகப் பேசுவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், அதே படத்தைத் தலைகீழாகவும் படிக்கலாம் என்பது. கொலைகாரனை அரசியல்வாதிகள் விடுவித்துவிடுகிறார்கள், நீதிபதி ஓடிவிடுகிறார், பேசிப் பேசியே காலத்தைக் கழிக்கிறது சபை, கடைசியில் துப்பாக்கியோடு நிற்கும் ஒற்றை மனிதன்தான் ஊரைக் காப்பாற்றுகிறான். 1971இல் டான் சீகல் இயக்கிய ‘டர்ட்டி ஹாரி’ ஏறத்தாழ இந்தக் கதைதான். சட்டம் குற்றவாளியைக் காக்கிறது என்று கொதிக்கும் அந்தக் காவல் அதிகாரி முடிவில் தன் சின்னத்தைத் தண்ணீரில் வீசுகிறார். கேன் 19 ஆண்டுகளுக்கு முன், படத்தின் முடிவில், தன் பதவிச் சின்னமான தகர நட்சத்திரத்தைப் புழுதியில் போட்ட அதே செயல், எதிர்த் திசையில் நிற்கும் அரசியல்.

அந்த நட்சத்திரம் பலரை உறுத்தியிருக்கிறது. வெஸ்டர்ன் படங்களின் பெரும் நட்சத்திர நடிகர் ஜான் வெய்னுக்கு இந்தப் படத்தின்மேல் தீராத கோபம். 1953இல் கூப்பருக்குக் கிடைத்த ஆஸ்கர் விருதை அவர் சார்பாக மேடையேறி வாங்கிக்கொண்டவரும் இதே வெய்ன்தான். இந்த வேடம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அங்கே வேடிக்கையாகக் கேட்டார். 1971இல் பிளேபாய் இதழுக்குக் கொடுத்த பேட்டியில், தான் பார்த்ததிலேயே மிகவும் அமெரிக்க விரோதமான படம் இது என்று சொன்னார். மார்ஷல் தன் சின்னத்தைக் காலடியில் போட்டு மிதிப்பதுதான் படத்தின் கடைசிக் காட்சி என்பது அவர் காட்டிய காரணங்களில் ஒன்று. கேன் மிதிக்கவில்லை. நான் அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். கூடியிருக்கும் ஊராரை ஒருமுறை பார்க்கிறார், சட்டையிலிருந்து நட்சத்திரத்தைக் கழற்றுகிறார், கீழே போடுகிறார், திரும்பி வண்டியில் ஏறுகிறார். கால் அதன்மேல் படவே இல்லை. வெய்னின் கோபம் உண்மையானது. படம் தன் ஊரின்மேல் வைக்கும் குற்றச்சாட்டை அவர் சரியாகவே உணர்ந்தார். ஆனால் அந்தக் கோபத்துக்கு ஏற்றபடி ஒரு காலை அவருடைய நினைவு சேர்த்துக்கொண்டது. ஒரு விளக்கம் எங்கே தடம் மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மிதித்தால் அது சட்டத்தின்மேல் வெறுப்பு. போட்டுவிட்டுப் போனால், இந்த ஊருக்காக இனி இதை நான் அணிய மாட்டேன் என்பது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் முழுப் படமும். இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸும் வெய்னும் 1959இல் இதற்கு மறுமொழியாகவே ‘ரியோ பிராவோ’வை எடுத்தார்கள்; அங்கே ஷெரிஃப் யாரிடமும் உதவி கேட்டு அலைவதில்லை. அதுவும் அருமையான படம். ஒரு படத்தின் உட்பொருளுக்கு இன்னொரு படத்தால் விடை எழுதுவது கட்டுரை எழுதுவதைவிட உயர்ந்த விமர்சனம் என்றே நினைக்கிறேன்.

1989 ஜூன் 4 அன்று போலந்தில் தேர்தல். வாக்காளர்கள் காலையில் பார்த்த சுவரொட்டியில் கேரி கூப்பர் நடந்து வந்தார். தொமாஷ் சார்னெட்ஸ்கி என்ற இளைஞர் வடிவமைத்தது. கூப்பரின் கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு, மார்பில் நட்சத்திரத்துக்கு மேலே, ஆட்சியை எதிர்த்து நின்ற சாலிடாரிட்டி இயக்கத்தின் சின்னம், பின்னால் சிவப்பில் இயக்கத்தின் பெயர். கம்யூனிஸ்ட் என்று பழிக்கப்பட்டு நாட்டைவிட்டுப் போன ஒருவர் எழுதிய மார்ஷல், ஒரு கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராக நடந்து வந்தார். இது படத்தைத் தவறாகப் படித்ததா? இல்லை என்பேன். அந்தச் சுவரொட்டி படத்தில் இல்லாத எதையும் படத்தின்மேல் சுமத்தவில்லை. நேரம் நெருங்குகிறது, நீ வருவாயா என்ற ஒரே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. துப்பாக்கியை எடுத்துவிட்டுச் சீட்டை வைத்தபோது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஏனென்றால் இந்த முறை கேட்கப்பட்டது ஊர் முழுவதும், வர முடிந்ததும் ஊர் முழுவதும்தான்.

இப்படி இரு பக்கமும் இழுக்கப்பட்ட இன்னொரு படத்தை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அதே டான் சீகல் 1956இல் எடுத்த ‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’. விண்ணிலிருந்து வந்த விதைகள் பெரிய நெற்றுகளாக வளர்ந்து, தூங்கும் மனிதர்களின் அச்சு அசலான உருவங்களை உண்டாக்கி, அவர்களுடைய இடத்தில் வைத்துவிடுகின்றன. உணர்ச்சி மட்டும் இருக்காது. இது கம்யூனிச ஊடுருவலைப் பற்றிய பயம் என்று ஒரு சாராரும், கம்யூனிச வேட்டையில் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்படுவதைப் பற்றிய பயம் என்று இன்னொரு சாராரும் இன்றுவரை வாதிடுகிறார்கள். எனக்கு அதில் மறக்க முடியாதது ஒரு சனிக்கிழமைக் காலை. டாக்டர் மைல்ஸ் தன் அலுவலக ஜன்னலிலிருந்து ஊர்ச் சதுக்கத்தைப் பார்க்கிறார். வழக்கமான காலை, வழக்கமான மனிதர்கள். வெளியூரார் சிலர் ஊரைவிட்டுப் போனதும் எல்லோரும் சத்தமில்லாமல் நடுவில் கூடுகிறார்கள். நெற்றுகளை ஏற்றிய லாரிகள் வருகின்றன. எந்த ஊரில் யாருக்கு உறவினர் இருக்கிறார்களோ அவர்கள் வரிசையில் வந்து வாங்கிப் போகிறார்கள். யாரும் யாரையும் மிரட்டவில்லை. வாரச் சந்தையைப்போல இருக்கிறது. அந்த ஒழுங்கைப் பார்த்து நடுங்குகிறவர் எந்தக் கட்சிக்காரராகவும் இருக்கலாம். இரண்டு விளக்கங்களும் அதே ஜன்னலில்தான் வந்து நிற்கின்றன.

நான் இத்தனை ஆண்டுகளாக ‘ஹை நூன்’ படத்தில் பார்க்கத் தவறியது ஹெலன் ராமிரெஸை. மெக்சிகோ நடிகை கேட்டி ஹுராடோ நடித்த பாத்திரம். ஒருகாலத்தில் மில்லரோடும் பிறகு கேனோடும் வாழ்ந்தவள். ஊரில் மதுக்கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் பணம் போட்டவள். பலசரக்குக் கடையை நடத்துபவர் வெள்ளையரான வீவர். ஹெலன் பெயர் வெளியே தெரியாத பங்குதாரர் மட்டுமே. மில்லர் வருகிறான் என்றதும் தன் பங்கை விற்றுவிட்டுப் பெட்டி கட்டுகிறாள். ஊரில் முதல் ஆளாக, பேசாமலே, இங்கே யாரும் கேனுக்காக எழமாட்டார்கள் என்று கண்டுகொள்பவள் அவள்தான். ஏமியிடம் அவள் சொல்லும் காரணம் எளியது: இந்த மாதிரி ஊரில் ஒரு மெக்சிகோப் பெண்ணாக வாழ்ந்ததால் எப்போதுமே இந்த ஊரைத் தான் வெறுத்ததாகச் சொல்கிறாள். கேன் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வதை ஹெலன் ஆண்டுக்கணக்கில் அறிந்திருக்கிறாள். அவளுக்கு எந்தத் தேவாலயக் கூட்டமும் கூடியதில்லை. கறுப்புப் பட்டியல் என்ற சாவியைக் கையில் வைத்திருந்த நான், அவளைக் கேனின் பழைய காதலி என்று ஒரு வரியில் கடந்துபோனேன். படம் அவளைக் கடந்துபோகவில்லை. அவளுக்கும் கேனுக்கும் ஸ்பானிய மொழியில் இரண்டே இரண்டு வரிகள் கொடுத்து, அந்த ஊரில் வேறு யாருக்கும் புரியாத ஓர் உறவை அங்கே வைத்திருக்கிறது.

பெயர் வெளியே தெரியாத பங்குதாரர் என்ற சொல் என்னை ஃபோர்மனிடமே திருப்பிக் கொண்டுபோகிறது. இங்கிலாந்துக்குப் போன பிறகு அவரும், கறுப்புப் பட்டியலில் இருந்த மைக்கேல் வில்சனும் எழுதிய திரைக்கதைதான் 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’. இருவர் பெயரும் படத்தில் இல்லை. திரைக்கதைக்கான ஆஸ்கர், மூல நாவலை பிரெஞ்சில் எழுதிய பியேர் பூலுக்குப் போனது. அந்தத் திரைக்கதையில் அவர் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. 1984இல் அகாதமி அந்த விருதை உரிய இருவருக்கும் அறிவித்தபோது இருவருமே உயிரோடு இல்லை. அந்தப் படத்தின் பாலம் கட்டப்பட்டது இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின்மேல். கதை நடப்பதோ இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போடவைத்த சயாம் மரண ரயில் பாதையில். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் பாதையில் வேலை செய்தார்கள். காட்டிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பாலத்தைக் கட்டும் ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் கௌரவத்தைப் பற்றிய அந்தக் கதையில் இந்தத் தமிழர்களுக்கு இடமில்லை. தன் பெயர் அழிக்கப்பட்ட ஒருவர் எழுதிய படத்தில் இவர்கள் பெயரும் இல்லை. இதை ஃபோர்மன்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஹெலனைப் பார்க்கத் தெரிந்துகொண்ட பிறகுதான் இந்த இன்மை எனக்குக் கண்ணில் பட்டது. படம் காட்டும் குருகைப் பார்ப்பது ஒரு வேலை என்றால், படம் வெட்டி எறிந்த கரையைப் பார்ப்பது இன்னொரு வேலை.

அன்று அம்மா படத்தை முடிவுவரை பார்த்தார். முறம் காலியாகிவிட்டிருந்தது. கடைசித் தோட்டா வெடித்து மில்லர் விழுந்ததும், அதுவரை ஓர் ஆளும் இல்லாமல் கிடந்த தெருவில் எல்லாக் கதவுகளிலிருந்தும் மனிதர்கள் வெளியே வருகிறார்கள். சில நொடிகளில் தெரு நிறைந்துவிடுகிறது. ஒருவரும் பேசவில்லை. கேனும் ஏமியும் அவர்களுக்கு நடுவில் நிற்கிறார்கள். அவர்களுடைய வண்டியை ஒரு பையன் ஓட்டி வந்து நிறுத்துகிறான். சற்று முன் மார்ஷல் அலுவலகத்துக்கு வந்து, தனக்குப் பதினாறு வயது என்று பொய் சொல்லி, நானும் உங்களோடு நிற்கிறேன் என்று கேட்டவன் அவன். பதினான்குதான் என்று தெரிந்து கேன் அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். யாரும் சொல்லாமல் வண்டியைக் கொண்டுவந்திருக்கிறான். “இது அந்தப் பையன்தானே?” என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன். கேன் அவனைத் தவிர வேறு யாரிடமும் முகம் கொடுக்காமல், நட்சத்திரத்தைக் கழற்றினார்.